பெக்டெல் சோதனையா, பேச்சு நேரக் கணக்கா?

ஒரு படத்தில் பெண்களுக்கு எவ்வளவு இடம் என்று அளக்க இரண்டு வழிகள். அமெரிக்க ஓவியர் ஆலிசன் பெக்டெலின் 1985 சித்திரக்கதையிலிருந்து வந்த சோதனைக்கு மூன்றே கேள்வி: இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, தங்களுக்குள் பேசுகிறார்களா, பேச்சு ஆணைத் தவிர வேறு எதையாவது பற்றியதா? படம் பார்த்தபடியே போட்டுவிடலாம். ஆனால் மாமியாரும் மருமகளும் குழம்பில் உப்பு குறைவு என்று இரண்டு வரி பேசினாலே படம் தேறிவிடும்.

இரண்டாவது வழி, பெண்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், ஆண்கள் எவ்வளவு நேரம் என்று பார்க்கும் பேச்சு நேரக் கணக்கு. இதற்குப் பொறுமை வேண்டும். சப்டைட்டில் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் தொடக்க, முடிவு நேரம் இருக்கும். பேசுபவர் பெயரைப் பக்கத்தில் குறித்து பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாக விநாடிகளைக் கூட்டுங்கள். பாட்டு வரிகளை முதலில் நீக்கிவிடுங்கள். நாயகி வாயசைக்கும் 5 நிமிடப் பாட்டு கணக்கையே புரட்டிவிடும்.

நூறு படங்களைச் சலிக்க முன்னது போதும். ஒரே படத்தைக் குறை சொல்வதென்றால் பின்னதைச் செய்யாமல் பேசுவது நியாயமில்லை.