ஓல்டு பெய்லி ஆன்லைன்: ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மதிப்புரை

கேஸ் கட்டு படிக்கப் பிடிக்கும் என்றால் ஓல்டு பெய்லி ஆன்லைன் என்ற இணையதளத்துக்குள் அவசியம் போய்ப் பாருங்கள். லண்டனின் ஓல்டு பெய்லி கோர்ட்டில் 1674 முதல் 1913 வரை நடந்த 1,97,745 விசாரணைகளின் அறிக்கைகள் அதில் இருக்கின்றன. காசு கட்ட வேண்டாம். பெயர், குற்றம், தீர்ப்பு, தண்டனை, வருஷம் என்று எதை வைத்தும் தேடலாம். அந்தக் காலத்து அச்சுப் பக்கத்தின் படத்தையும் பார்க்கலாம்.

நான் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா, வீடு கொழிஞ்சாம்பாறை. எங்களிடம் அதிகம் வருவது திருட்டும் அப்காரியும்தான், அப்காரி என்றால் சாராய வழக்கு. அதனால் இந்தத் தளத்தில் முதலில் என் கண் போனது தொண்டிப் பொருள், அதாவது திருட்டுப்போய்ப் பிடிபட்ட பொருள், பட்டியலுக்கு. 1714-க்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தை ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். லண்டன் அன்றைக்குப் பணம் புரண்ட ஊர். அந்த ஊர்க் கோர்ட்டுக்குத் தொண்டியாக வந்தவற்றைப் பாருங்கள்: கைக்குட்டை, ஒரு ஜோடி காலுறை, உள்பாவாடை, படுக்கை விரிப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விலை.

அந்த விலையில்தான் உயிர் தொங்கியது. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கடையில் ஆளுக்குத் தெரியாமல் 5 ஷில்லிங் சரக்கை எடுத்தால் தூக்கு. குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமானமுள்ளதை எடுத்தாலும் தூக்கு. குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உட்கார்ந்த ஜூரிகளுக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. சாட்சி இருக்கிறது, பொருள் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறது, விட்டுவிடவும் முடியாது. அதனால் விலையைக் குறைத்தார்கள். ‘39 ஷில்லிங் அளவுக்குக் குற்றவாளி’, ‘10 பென்ஸ் அளவுக்குக் குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொன்னார்கள். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இதை ஒருவகைப் புண்ணியமான பொய்ச்சத்தியம் என்றே எழுதினார். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதியும் இதுதான்: 40 ஷில்லிங்குக்குக் கீழே, 5 ஷில்லிங்குக்குக் கீழே, 1 ஷில்லிங்குக்குக் கீழே என்று குறைத்துச் சொன்ன தீர்ப்புகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம். அப்படி உயிர் தப்பியவர்களில் பலரை, 1718-ல் வந்த சட்டப்படி, ஏழு வருஷத்துக்கு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

மேரி ஜோன்ஸுக்கு அந்த இரக்கமும் கிடைக்கவில்லை. வருஷம் 1771. புருஷனைக் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கையில் இரண்டு பிள்ளைகள். துணிக்கடையில் துணி எடுத்தாள் என்று வழக்கு. அவர் போனதிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறேன் என்று அவள் கோர்ட்டில் சொன்னது அறிக்கையில் இருக்கிறது. தூக்கில் போட்டார்கள். அதற்காகக் கிளம்பியபோதும் மார்பில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது என்று 1777-ல் வில்லியம் மெரிடித் பாராளுமன்றத்தில் சொன்னார். இதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை.

அப்காரி கேஸ் பார்க்கிறவர்கள் 1734-ல் நடந்த ஜூடித் டிஃபூர் வழக்கைத் தேடிப் படியுங்கள். வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதியில் இருந்த தன் இரண்டு வயது மகளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். விடுதியில் குழந்தைக்குப் புது உடுப்புப் போட்டுவிட்டிருந்தார்கள். குழந்தையைக் கொன்று, உடுப்பைக் கழற்றி விற்று, ஜின் என்ற சாராயம் குடித்தார்கள், அவளும் கூட இருந்தவளும். உடுப்புக்குக் கிடைத்தது மொத்தம் 1 ஷில்லிங் 4 பென்ஸ். இரண்டு வருஷம் கழித்து ஜின் சில்லறையாக விற்க 50 பவுன் லைசென்ஸ் என்று சட்டம் வந்தது, துப்புச் சொன்னவருக்குப் பணமும் கொடுத்தார்கள். திருட்டு விற்பனை நிற்கவில்லை, 1743-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். வறுமையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டணத்தை மட்டும் ஏற்றினால் என்ன நடக்கும் என்று எல்லைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒரு வழக்கைப் படித்துவிட்டு, “கூண்டுல நிக்கறவனுக்கு வக்கீல் யாருங்க அக்கா?” என்று கேட்டார். யாரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலான கைதிகள் தாங்களே பேசிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் வக்கீல்கள் வர ஆரம்பித்தபோதும், இப்படிப்பட்ட பெரிய குற்ற வழக்குகளில் 1836 வரை கைதிக்காக ஜூரியைப் பார்த்து அவர்களால் வாதாட முடியாது. லண்டன் போலீஸ் வந்ததே 1829-ல். பொருளைப் பறிகொடுத்தவரேதான் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு வழக்கை நடத்தினார்.

குறை என்று பார்த்தால், இவை காசுக்கு விற்ற அச்சுப் பிரதிகள். கைதி தரப்பு பல இடங்களில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, அதைக் கோர்ட்டில் பேசியது முழுவதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிச்சை எடுத்ததற்கும் வீடில்லாமல் அலைந்ததற்கும் பிடிபட்டவர்களை இதில் தேடிப் பிரயோஜனமில்லை. அவர்களுக்கு லண்டன் லைவ்ஸ் என்று இன்னொரு தளம் இருக்கிறது. 1690 முதல் 1800 வரைக்குமான பாரிஷ் என்ற சர்ச் வட்டாரங்களின் கணக்குகள், பிரேத விசாரணைக் காகிதங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும், அதுவும் இலவசம்தான்.

எல்லாமே பழைய இங்கிலீஷ். ஆனால் வாக்கியங்கள் எளிமை, சாட்சி சொல்வது பேச்சு மாதிரியே ஓடும். சட்டம் படிக்கிற பிள்ளைகள் 1830-க்கு முன்னால் ஒரு திருட்டு வழக்கும் 1840-க்குப் பின்னால் ஒன்றும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போனில் படிக்கலாம், அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்க்கக் கம்ப்யூட்டர்தான் வசதி.