பாங்காக்கின் பச்சை சூப்பர்ரிச்சும் சென்னையில் போட வேண்டிய கணக்கும்

பாங்காக் போகிறவர்களிடம் "பணத்தை சூப்பர்ரிச்சில் மாத்துங்க" என்று யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். சூப்பர்ரிச் என்பது அங்கே வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை. நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் எந்த சூப்பர்ரிச், எந்த நோட்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பச்சை போர்டு ஒன்று, ஆரஞ்சு போர்டு ஒன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனிகள். நான் போவது பச்சைக்கு. அதன் தலைமைக் கடை ராஜ்தம்ரி சாலையில், பிக் சி என்ற சூப்பர் மார்க்கெட் பக்கத்துச் சந்துக்குள் இருக்கிறது. சிட் லோம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். பாஸ்போர்ட் இல்லாமல் போனால் வேலை நடக்காது.

அங்கே பார்க்கவேண்டியது ரேட் பலகையைத்தான். அமெரிக்க டாலர் ஒரே வரியில் இருக்காது. 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், 50க்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, 20, 10 என்று இறங்க இறங்க ரேட்டும் இறங்கும். கவுன்ட்டரில் இருக்கும் பெண் நோட்டை விரலால் தடவி, வெளிச்சத்தில் திருப்பி, மெஷினில் விட்டு எடுப்பார். கால்குலேட்டரில் வரும் தொகையை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். நாம் தலையாட்டிய பிறகுதான் பாட், அதாவது தாய்லாந்துப் பணம், எண்ணப்படும். ரசீதில் ரேட் தனியாக அச்சாகியிருக்கும். கமிஷன் என்று தனியாக எதுவும் பிடிப்பதில்லை.

அதனால் பாதி வேலை சென்னையிலேயே இருக்கிறது. டாலர் வாங்கும்போது 100 டாலர் நோட்டாக, மடிப்பும் பேனாக் கிறுக்கலும் இல்லாமல் கேட்டு வாங்குங்கள். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் எனக்கு 20 டாலர் கட்டைத் தள்ளப் பார்த்தார்கள். "எல்லாம் ஒரே டாலர்தானே சார்" என்றார் அந்தத் தம்பி. இங்கே ஒரே டாலர்தான், அங்கே இல்லையே.

சரி, நல்ல ரேட் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? என் மச்சான், "மாப்ள, இந்தக் கடையில கமிஷனே கிடையாதாம்" என்று சந்தோஷப்படுவார். கமிஷன் இல்லாவிட்டால் என்ன, அவர்கள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் லாபம் உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பேன்: கடைசியில் ஒரு பாட் எனக்கு எத்தனை ரூபாய்க்கு விழுந்தது?

ஒரு பேச்சுக்கு, டாலர் 88 ரூபாய் என்று 500 டாலர் வாங்கினால் 44,000. அதற்கு ஜிஎஸ்டி 79 ரூபாய் சொச்சம். (தொகையில் 1 சதவீதத்தை மட்டும் சேவையின் மதிப்பாக எடுத்து, அதன்மேல் 18 சதவீதம். இது ஒரு லட்சம் வரைக்குமான கணக்கு.) அங்கே ஒரு டாலருக்கு 32 பாட் கிடைத்தால் மொத்தம் 16,000 பாட், ஒரு பாட் சுமார் 2.75 ரூபாய். அதே டாலருக்கு வேறு கவுன்ட்டரில் 30.50தான் என்றால் ஒரு பாட் 2.89 ஆகிவிடும். 750 பாட் போச்சு, இரண்டு பேர் நன்றாகச் சாப்பிடலாம்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளியே வந்ததும் எதிரில் நிற்கும் வங்கி கவுன்ட்டர்களைத் தாண்டி, ரயில் ஏறும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். சூப்பர்ரிச்சும் இன்னும் சில தனியார் கடைகளும் அங்கே இருக்கின்றன. மேலே இருக்கும் ரேட்டையும் கீழே இருக்கும் ரேட்டையும் பார்த்தால் லிஃப்ட்டில் இறங்கியதற்கே கூலி கிடைத்த மாதிரி இருக்கும்.

ரூபாய் நோட்டையே கொண்டுபோய் மாற்றலாமே என்பார்கள். மாற்றலாம், பலகையில் ரூபாயும் இருக்கிறது. ஆனால் அந்த ரேட்டைப் பார்த்தால் மனசு வராது. அதுவும் போக, இந்திய ரூபாய் ஒருவர் 25,000 வரைதான் வெளியே எடுத்துப் போகலாம். ஏடிஎம்மோ, நம் ஊர் கார்டைச் சொருகினால் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடித்துக்கொள்ளும். தவிர்க்க முடியாமல் எடுக்க நேர்ந்தால், "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மெஷின் போடும் ரேட் இன்னும் மோசம்.