மெலோடிராமா: மேடையா, படமா, சீரியலா?

நடிப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா உடன "மெலோடிராமா" எண்டு முகத்த சுழிக்கிற ஆக்கள் கொழும்பு வெள்ளவத்தைல நிறைய, ஆனா பொழுதுபட்டா அதே வீடுகள்ல சீரியல் சத்தம் ரோட்டு வரைக்கும் கேக்கும். சரி, மூண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பம்.

மேடைதான் மூத்தது. 1800ல பாரிஸ்ல பிக்செரெகூர் போட்ட நாடகம் ஒண்ட தோமஸ் ஹோல்குரொஃப்ட் 1802ல லண்டன் கொவென்ட் கார்டன் தியேட்டருக்கு இங்கிலீஷ்ல கொண்டு வந்தார். அதில ஒரு வாய் பேசாத மனுசன் வாறார், நல்லவர், அநியாயம் நடந்ததும் அவருக்குத்தான், ஆனா சொல்ல ஏலாது. அப்ப கையக் காட்டி, முகத்தக் காட்டி, பின்னுக்கு வாத்தியத்த வாசிச்சுத்தான் சனத்துக்கு விளங்கப்படுத்தினாங்கள். மெலோடிராமாட சூட்சுமமே இதுதான்: நல்லவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியும், கதையில இருக்கிறவங்களுக்குத் தெரியாது, அது வெளிக்கிற நிமிசத்துக்காகத்தான் குந்தி இருக்கிறம்.

படம் இத அப்பிடியே எடுத்துக்கொண்டுது. 'பராசக்தி' (1952) நாடகமா இருந்து படமானதுதான். பிள்ளைய ஆத்துல போட்ட கேஸ்ல கல்யாணி கூண்டுல நிக்கிறா, விசாரிக்கிற ஜட்ஜ் அவட சொந்த அண்ணன், அது தெரியவந்த உடன மனுசன் மயங்கி விழுந்திடுவார். லொஜிக் பாத்தா சிரிப்புதான், ஆனா பாக்கேக்க சிரிப்பு வராது. சிவாஜி கடைசி வரிசைக்காரனுக்கும் கேக்கட்டும் எண்டு பேசுற ஆள், கமரா மூக்குக்கு முன்னால நிண்டாலும் குறைக்க மாட்டார், சிலருக்கு அது ஓவர், எனக்கு அதுதான் ருசி. 'பாசமலர்' (1961) இன்னும் ஒரு படி மேல, ஏனெண்டா அங்க பேசி வெல்ல ஒரு கோர்ட்டும் இல்ல. அண்ணனுக்குக் கண் போன பிறகு, எல்லாம் பிந்திப்போன பிறகுதான் அண்ணனும் தங்கச்சியும் சேருவினம், சேந்த கையோட உயிரும் போயிடும்.

கொழும்புல மேடையையும் படத்தையும் பிரிக்கிறதே கஷ்டம். முதல் சிங்களப் பேசும்படம் 1947ல கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டர்ல ஓடினது, அது மினர்வா குழுட மேடை நாடகம், தயாரிச்சவர் எஸ். எம். நாயகம், நடிச்சது ருக்மணி தேவி.

சீரியல்? சாமான் எல்லாம் அதேதான், கண்ணீர், வில்லி, ஒளிச்சு வச்ச கடிதம். ஆனா உண்மை வெளிச்சா கதை முடிஞ்சிடும், கதை முடிஞ்சா விளம்பரமும் போயிடும், அதால கடிதம் அலுமாரிக்குள்ளயே கிடக்கும், கதவத் திறக்கப் போற நேரம் பாத்து ஆரோ ஒராள் காலிங் பெல் அடிப்பார். என்ர ஓட்டு படத்துக்குத்தான், அதிலயும் பாசமலருக்கு. ஆனா வில்லிய நாளாந்தம் திட்டித் தீக்கிற சுகம் சீரியல்ல மட்டும்தான் கிடைக்கும், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.