"கல் உப்பு ரெண்டு கைப்பிடி போடுங்க" என்று கடையில் சொன்னால் போடாதீர்கள்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஓரண்டா, ரியுகின், ரஞ்சு என்று உருண்டை உடம்புக் கோல்டு ஃபிஷ் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு மீன் விற்ற கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே யோசனையை வேறு கடைகளிலும் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் மட்டும் தப்பிக்க முடியாது.

என்னுடையது இரண்டடித் தொட்டி, ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதைச் சொல்லித்தான் மீன் கேட்டேன். இரண்டு ரியுகின், சிவப்புத் தொப்பி வைத்த வெள்ளை ஓரண்டா ஒன்று, மூன்றையும் தாராளமாக விடலாம் என்று கொடுத்தார்கள். கோல்டு ஃபிஷ் ஓயாமல் தின்று ஓயாமல் கழிவு போடும் மீன். அந்தத் தொட்டிக்கு மூன்று அதிகம் என்பதை விற்கிறவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஜியோலைட் என்ற கனிமக் கல் பாக்கெட் ஒன்றை நீட்டி, "இதை பில்டர்ல போட்டுடுங்கக்கா, அம்மோனியாவை அதுவே இழுத்துக்கும்" என்றார். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷம்தான் அம்மோனியா. போட்டேன்.

கொஞ்ச நாளில் ஓரண்டாவின் வாலில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கடைக்குப் போன் செய்தேன். "காலையில ரெண்டு கைப்பிடி கல் உப்பு, சாயங்காலம் ரெண்டு கைப்பிடி. புள்ளி போற வரைக்கும் நிறுத்தாதீங்க." இந்த வகை மீனுக்கு ஒத்துக்குமா என்று கேட்டேன். "உப்புதான் மீனுக்கு மருந்துக்கா, ஒண்ணும் ஆகாது." தொட்டி எத்தனை லிட்டர் என்று அவர் கேட்கவில்லை. அவரே விற்ற ஜியோலைட் உள்ளே இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததைப் பார்க்கவே முடியவில்லை. ரியுகின்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. ஓரண்டா துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் படுத்துவிட்டது. மேல்தோலின் வழவழப்பு வெள்ளை நூலாக உரிந்து தொங்கியது, செவுள் ஓரம் சிவந்திருந்தது. மறுபடி போன் செய்தால், "உப்பு பத்தலை, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்ற பதில்தான். அதற்குள் கிலோ பாக்கெட்டில் பாதி காலி. அன்றிரவே இரண்டு ரியுகின்களும் போய்விட்டன.

பல வருடமாக மீன் வளர்க்கும் ஒருவர் வந்து அம்மோனியா டெஸ்ட் கிட்டில் தண்ணீரைப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. முதல் வேலையாக ஜியோலைட் பையை வெளியே எடுத்தார். உப்பு பட்டால் ஜியோலைட் பிடித்துவைத்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது: உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்று. இரண்டையும் ஒரே கல்லாவில் விற்கிறவருக்கு இது தெரியாதென்றால் நான் நம்பத் தயாரில்லை. எங்கள் போர் தண்ணீரின் பி.எச்., அதாவது காரத்தன்மை, வேறு அதிகம். பி.எச்.சும் வெயிலும் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

உப்பின் அளவே தனிக் கொடுமை. ஐம்பது லிட்டருக்கு அரைக் கிலோ என்றால் லிட்டருக்கு பத்து கிராம், அதாவது 1 சதவீதம். நன்னீர் மீனின் உடம்புத் திரவத்தில் இருக்கும் உப்பைவிட அது அதிகம். உடம்பிலிருந்தே தண்ணீரை வெளியே இழுத்துவிடும். குளத்துக் கோய் மீன், ஒல்லி உடம்புக் காமெட் கோல்டு ஃபிஷ் எல்லாம் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். ஓரண்டா, ரியுகின் போன்ற ஃபேன்சி வகைகளுக்குக் குறுக்கிய உடம்பு, உள்ளுறுப்புகளுக்கே இடமில்லை. நல்ல நாளிலேயே நீந்தத் திணறும் மீன்கள் அவை.

உப்பு வைத்தியமே பொய் என்று சொல்லவில்லை. வெள்ளைப் புள்ளிக்கு அது கேட்கும். ஆனால் தராசில் நிறுத்துப் போட வேண்டும். ஜியோலைட்டையும் செடிகளையும் எடுத்துவிட்டு, முதலில் லிட்டருக்கு 1 கிராம். தொட்டித் தண்ணீரிலேயே தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்புக் கல் நேரடியாக மீன் மேல் பட்டால் தோல் வெந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் பார்த்து, மீன் சுறுசுறுப்பாக இருந்தால் மட்டும் அடுத்த 1 கிராம். மொத்தமாக லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் போகாதீர்கள். ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த தண்ணீரை வெறும் தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். மீன் சாய்ந்தாலோ படுத்தாலோ குளோரின் நீக்கிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டாம், அந்த அதிர்ச்சியும் கொல்லும். அப்படி நிதானமாக மாற்றித்தான் என் ஓரண்டா பிழைத்தது.

செத்த மீன்களின் போட்டோவோடும் ஜியோலைட் பாக்கெட்டோடும் கடைக்குப் போனேன். "மீனுக்கெல்லாம் கேரண்டி கிடையாதுக்கா" என்றார். நான் கேட்டது கேரண்டி இல்லை, இனி வருகிறவர்களிடமாவது லிட்டர் கேட்டுவிட்டு உப்பு சொல்லுங்கள் என்றுதான். அதற்குப் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற பையனுக்கு பப்பிள் ஐ என்ற கோல்டு ஃபிஷ் ஜோடி ஒன்றைக் கவரில் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையனிடம் தொட்டி அளவை நான்தான் கேட்டேன். பத்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணமாம்.