அரசு ஐடிஐ: புது லேப்பைப் பார்த்துச் சேர்வதா, பழைய ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துச் சேர்வதா?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைத் தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுவோம். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் அரசு தருவது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். 14 வயது ஆகியிருந்தால் போதும்; ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

இந்தச் செலவில் இதைவிட நல்ல தொழிற்பயிற்சி வெளியில் இல்லை. ஆனால் எந்தத் தொழிற்பிரிவு, எந்த ஐடிஐ, முடித்தபின் அப்ரண்டிஸ் (உதவித்தொகையோடு ஆலையில் பெறும் பயிற்சி) எங்கே என்ற மூன்றையும் விசாரிக்காமல் சேர்ந்தால் இரண்டு வருஷம் வீணாகும்.

இப்போது எல்லோர் கண்ணும் புது லேப் மேல்தான். டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877.43 கோடி ரூபாய் திட்டத்தில் 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0, அதாவது கம்ப்யூட்டரும் ரோபோவும் சேர்ந்த நவீன உற்பத்திக்கான மையங்களாக அரசு மாற்றியது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடக்க விழா நடந்தது. ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மெஷின்), மின்வாகனம், டிசைன் மென்பொருள், ஆட்டோமேஷன் என்று புதுப் பிரிவுகள் வந்தன. இதில் இண்டஸ்ட்ரியல் ரோபோடிக்ஸும் ஆட்டோமேஷனும் ஓராண்டு. அட்வான்ஸ்டு சிஎன்சி, மின்வாகன மெக்கானிக், டிசைனர் மூன்றும் ஈராண்டு.

லேப் நன்றாகவே இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோபோ பிரிவில் முதலில் கற்பது ரோபோவை இயக்கும் கைக் கருவியான டீச் பெண்டன்ட்டைப் பிடிக்கும் விதம். அதன் பின்பக்கம் உள்ள எனேபிள் சுவிட்சுக்கு மூன்று நிலை: விட்டால் ரோபோ நிற்கும், நடுவில் பிடித்தால் நகரும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். கைமுறை நிலையில் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. இதைப் பழகிய பிள்ளை ஆலையில் ரோபோவைச் சுற்றிய வேலிக்குள் தைரியமாக, அதே சமயம் கவனமாக நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில். ஆலையில் ரோபோ நின்றுபோனால் பெரும்பாலும் புரோகிராமில் கோளாறு இருக்காது. பொருளைப் பிடிக்கும் கிரிப்பரின் தாடை தேய்ந்திருக்கும், ஏர் ட்யூபில் கசிவு இருக்கும், சென்சார் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், பொருளைத் தாங்கும் ஃபிக்ஸ்சரில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கும். இவற்றைச் சரிசெய்யக் கூப்பிடுவது ஃபிட்டரையும் எலக்ட்ரீஷியனையும்தான். எனவே பத்தாவது முடித்த கையோடு ஓராண்டு ரோபோ பிரிவில் மட்டும் சேர்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏற்கெனவே ஃபிட்டரோ டிப்ளமோவோ முடித்தவர் அதே ஓராண்டைப் படித்தால் அருமையான கூட்டு. சிஎன்சி ஈராண்டுப் பிரிவு தன் காலிலேயே நிற்கும். கோவை, ஓசூர், அம்பத்தூர் பட்டறைகளில் ஆள் தேவை குறைவதே இல்லை. மின்வாகனப் பிரிவு ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு லாபம். டிவிஎஸ், ஏதர், ஓலா ஆலைகள் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன.

சிஎன்சியில் ஒன்றைக் கவனியுங்கள். சிமுலேட்டரில் மட்டும் ஓட்டிப் பழகியவர் நிஜ மெஷினில் முதல் வாரமே டூலை ஜாப்பில், அதாவது வெட்ட வேண்டிய இரும்பில், மோதுவார். காரணம் சின்னது: பல ஃபேனக் கண்ட்ரோலர்களில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) புள்ளி வைக்காமல் எக்ஸ் 50 என்று அடித்தால் அது 50 மில்லிமீட்டர் அல்ல, 0.050 மில்லிமீட்டர். ஒர்க் ஆஃப்செட்டில் (ஜாப் இருக்கும் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் அளவு) மைனஸ் குறி விட்டுப்போனாலும் இதே கதிதான். அதனால் விசாரிக்கும்போது "மெஷின் எத்தனை" என்று கேட்காதீர்கள். ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் மெஷின் முன் நிற்கிறார் என்று கேளுங்கள்.

இனி பழைய ஒர்க்‌ஷாப். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் எல்லாம் ஈராண்டு, வெல்டர் ஓராண்டு. பாடத்திட்டப்படி வருஷத்துக்கு 1,200 மணி நேரம், அதில் 840 மணி செய்முறை. இதுபோக 150 மணி நேரம் ஆலையில் நேரடிப் பயிற்சி அல்லது குழுப் புராஜெக்ட். இந்த 840 மணி உண்மையிலேயே நடக்கிறதா என்பதில்தான் ஒரு ஐடிஐக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

ஃபிட்டர் பிரிவில் முதல் சில மாதம் அரம் பிடிப்பதுதான் வேலை. பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும், சிலர் படிப்பை விட்டு நின்றுபோவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் கை பழகுவது இங்கேதான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் மேல்மட்டம் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும்; உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அரம் ஆடும். ஆடினால் தகட்டின் நடு மேடாகி இரு ஓரமும் சரியும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்களில் ஒளி ஒழுகுவது தெரியும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது விட்டுப்பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் அரத்தின் முனையைப் பிடித்த கை அழுத்த வேண்டும், முடிவில் கைப்பிடியைப் பிடித்த கை. இதை நின்று சொல்லித்தரும் இன்ஸ்ட்ரக்டர் இருந்தால் முதல் வருஷக் கடைசியில் ஒரு பிள்ளை 0.04 மில்லிமீட்டருக்குள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் ஆண்-பெண் ஃபிட்டிங் ஜாப்பைப் பொருத்தி எடுக்கும்.

இரும்பு அறுக்கும் ஹாக்ஸாவும் அப்படியே. மெல்லிய பைப்பைப் பெரிய பல் பிளேடால் அறுத்தால் பல் உதிரும், ஏனென்றால் சுவரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பற்களாவது படிய வேண்டும், அதற்கு 0.8 மில்லிமீட்டர் பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி) பிளேடு வேண்டும். எம் 10 (10 மில்லிமீட்டர்) மரைக்கு 8.5 மில்லிமீட்டர் துளை, எம் 8-க்கு 6.8. மரை வெட்டும் டேப்பை நேராக நிறுத்தாமலோ, அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பிச் சீவலை உடைக்காமலோ ஓட்டினால் டேப் உள்ளேயே ஒடியும். ஆலை இன்டர்வியூவில் கேட்பதும் இவைதான்: வெர்னியரில் ஒரு அளவைப் படிக்கச் சொல்வார்கள், எம் 10-க்கு என்ன டிரில் என்பார்கள், மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஜீரோ எரர் பார்க்கச் சொல்வார்கள்.

சேரும் முன் ஒருமுறை நேரில் போங்கள், வேலை நாளில், காலை பத்து மணிக்கு மேல். ஃபிட்டர் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். வைஸ் 20 இருக்கிறதா, தாடை தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்கள் செய்த ஜாப்களைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் பெயர், தேதி பஞ்ச் அடித்து வரிசையாக வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதிரி ஜாப் மட்டும் பளபளவென்று கண்ணாடி அலமாரியில் இருந்து, பெஞ்சில் இரும்புத் தூளே இல்லை என்றால், ஃபிளாட் ராடு (பட்டை இரும்பு) வாங்கப் பணம் வரவில்லை என்று அர்த்தம். லேத் எத்தனை ஓடுகிறது, எத்தனை ரிப்பேரில் நிற்கிறது என்பதை ஆபீசில் கேட்க வேண்டாம், இரண்டாம் வருஷ மாணவரிடம் கேளுங்கள்.

தேர்வுக்குச் செல்ல 80 சதவீத வருகை வேண்டும். செய்முறையில் 60 சதவீதம், எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. மாதிரித் தேர்வு இரண்டு எழுதிப் பழகினால் பயம் போய்விடும்.

பலவீனமான பகுதி எது என்றால், வேலைவாய்ப்புத் திறன் என்ற பாடம். முதல் வருஷத்தில் 120 மணி நேரம். ஆங்கிலம், கம்ப்யூட்டர், ரெஸ்யூம், இன்டர்வியூ, பணம் கையாளுதல் என்று பாடம் நல்ல பாடம்தான். ஆனால் பல இடங்களில் புத்தகத்தை வாசித்தே தள்ளிவிடுகிறார்கள். வீட்டிலேயே ஈடுகட்டலாம்: அன்றைக்குச் செய்த ஜாப்பை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள், அளவுகளோடு. எக்செல்லில் ஒரு அளவுப் பட்டியல் போடத் தெரிந்தால் குவாலிட்டி பிரிவில் கைகொடுக்கும்.

ஐடிஐ முடித்ததோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். அடுத்த ஓராண்டு அப்ரண்டிஸ் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019 விதி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தது. அதற்கு மேல் எவ்வளவு தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம். திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை ரயில்வே பணிமனை எல்லாம் அப்ரண்டிஸ் எடுப்பவை. ரயில்வேயில் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐடிஐ மதிப்பெண்ணையும் சராசரி எடுத்துப் பட்டியல் போடுவார்கள். பொதுவாகப் பத்தாவதில் 50 சதவீதம் வேண்டும். அங்கே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 (தொடக்க நிலை) பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு.

இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். "டிரெய்னியாக எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சில இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளி வேலையைத்தான் வாங்குவார்கள். சேர்ந்த உடனே மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, அதில் தொழிற்பிரிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லையென்றால் கடைசித் தேர்வு எழுத முடியாது, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் வராது. ஒரு வருஷம் ஓவர்டைம் பார்த்ததுதான் மிச்சம்.

மேலே படிக்க விரும்புபவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஈராண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டர் முடித்து, மெக்கானிக்கல் டிப்ளமோ எடுத்து, அதன்பின் புது லேப்பின் ரோபோ பிரிவுக்கு வருபவரை எந்த ஆலையும் வேண்டாம் என்று சொல்லாது.

தனியார் ஐடிஐ என்றால் கட்டணம் கட்டுமுன் ஒரு வேலை இருக்கிறது. நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் தொழிற்பிரிவுக்கு, அந்த ஷிப்டின் யூனிட்டுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்மிஷன் அன்றே ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால், இரண்டு வருஷம் கழித்துச் சான்றிதழ் இறக்கும் நேரத்தில்தான் தெரியும்; அதைத் திருத்தி வாங்குவதற்குள் அப்ரண்டிஸ் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.