ஆத்தங்குடிக் கல்லுக்கு டீசல், கல்யாணப் பாத்திரத்துக்கு கேஸ்

காரைக்குடியில் எங்களிடம் இரண்டு வண்டி ஓடுகிறது. ஆத்தங்குடியிலிருந்து பூக்கல், அதாவது தரைக்குப் பதிக்கும் பூப்போட்ட ஓடு, ஏற்றிப் போவது டீசல் பிக்கப். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரமும் காய்கறியும் கொண்டுபோவது சிஎன்ஜியில், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில், ஓடும் சின்ன வண்டி. நாங்கள் அதைக் கேஸ் என்றுதான் சொல்வோம். இரண்டையும் நான்தான் ஓட்டுகிறேன், செலவுக் கணக்கும் என் நோட்டில்தான் இருக்கிறது. தங்கச்சி மகன் புதிதாக வண்டி எடுக்கப் போகிறான். "மாமா, டீசலா கேஸா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பலரும் ஏமாறுவது கிலோ, லிட்டர் கணக்கில். கேஸை எடை போட்டு விற்கிறார்கள், டீசலை அளந்து விற்கிறார்கள். ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறக்குறைய 1.3 லிட்டர் டீசலின் வெப்பம் இருக்கிறது. அதைக் கேட்டதும் கேஸ்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் அதே வெப்பத்திலிருந்து டீசல் எஞ்சின் கூடுதல் வேலை வாங்கிவிடும். அந்த 1.3-இல் பெரும்பகுதி ரோட்டிலேயே கரைந்துபோகும். அதனால் பெட்ரோல் பங்கு போர்டில் இருக்கும் விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம். உங்கள் பாரத்தோடு, உங்கள் ரூட்டில், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று பத்து நாள் எழுதிப் பாருங்கள். கேஸ் போடக் காத்திருந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் கேஸ் வண்டி வைத்திருப்பவரின் நாளை முடிவு செய்வது அதுதான். டீசல் எந்த ஊர் பங்கிலும் ஐந்து நிமிஷ வேலை. சிஎன்ஜி அப்படியில்லை. குழாய் வராத பங்குக்கு, சிலிண்டர் அடுக்கிய லாரியில்தான் கேஸ் வரும். அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் கேஸ் பாயும். லாரி வந்த சூட்டில் போகிற வண்டிக்கு 200 பார் வரை ஏறும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, சிலிண்டர் நிரம்பினால் 200). பத்துப் பதினைந்து வண்டி போட்டுவிட்டுப் போன பிறகு நாம் போனால், அழுத்தத்தை ஏற்றித் தரும் பூஸ்டர் கம்ப்ரஸர் அந்தப் பங்கில் இல்லாவிட்டால், முள் பாதியிலேயே நின்றுவிடும். "அண்ணே, பிரஷர் இறங்கிருச்சு, லாரி வரணும்" என்ற பதிலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு முகூர்த்த நாளில் அண்டாவும் கரண்டியும் வண்டியில் கிடக்க, பங்கில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். சமையல்காரரிடம் பட்ட பேச்சு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து லாரி வரும் நேரத்தைப் பங்குத் தம்பியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முதல்நாளே போட்டுவிடுகிறேன்.

விடியற்காலையில் போட்டால் காசு மிச்சம் என்பார்கள். எடைக்குத்தான் காசு, ஆகவே பணத்தில் லாபம் ஏதுமில்லை. ஆனால் சிலிண்டர் குளிர்ந்திருந்தால் அதே 200 பாரில் கொஞ்சம் கூடுதல் கேஸ் அடங்கும், அடுத்த தடவை பங்குக்குப் போவது சற்றுத் தள்ளிப்போகும். சித்திரை மத்தியானத்தில் போட்டால் முள் நிரம்பியதாகக் காட்டும், வண்டி ஆறிய பிறகு பார்த்தால் இறங்கியிருக்கும்.

சிலிண்டரின் அளவையும் பார்த்து வாங்குங்கள். 60 லிட்டர் சிலிண்டரில் பத்துக் கிலோ அளவுக்குத்தான் அடங்கும். பாரத்தோடு மதுரை போய்த் திரும்ப அதை நம்பிக் கிளம்ப முடியாது. இரும்புச் சிலிண்டரின் கனமும் வண்டி சுமக்கும் பாரத்தில்தான் சேரும். பூக்கல் 100 சதுர அடிக்கே 400 கிலோ அளவுக்கு வரும். எனக்குக் கல் ஏற்ற டீசலே போதும் என்று முடிவு செய்ததற்கு இது ஒரு காரணம். பாரத்தோடு கிளம்பும்போது டீசலின் இழுவை வேறு மாதிரி இருக்கும் என்பது இன்னொன்று.

பராமரிப்பில் இரண்டுக்கும் கெட்ட பேர் உண்டு. டீசலில் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருந்தால், அது சூடேறினால்தான் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். செக்காலை ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், செலவு பெரிதாக வரும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிக்க மறந்தால் இன்ஜெக்டருக்கு வினை.

கேஸ் வண்டியில் முதலில் தேயும் சாமான் ஸ்பார்க் பிளக். கேஸைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், பிளக் சீக்கிரம் தேயும், எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கும். எங்கள் செம்மண் தூசியில் ஏர் ஃபில்டரை அடிக்கடி தட்டி ஊதாவிட்டால் கலவை கெட்டு இழுவை போய்விடும். ஆயில் கறுக்கவில்லையே என்று மாற்றாமல் விடாதீர்கள். கேஸ் சுத்தமாக எரிவதால் ஆயில் கறுப்பது குறைவு, ஆனால் சூட்டில் அது கெட்டுக்கொண்டேதான் இருக்கும். நிறத்தை நம்பாமல் கிலோமீட்டரை வைத்து மாற்றுங்கள்.

சிலிண்டர் கேஸின் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும் ரெகுலேட்டரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. 200 பாரிலிருந்து கேஸ் விரியும்போது கடும் குளிர் உண்டாகும். அதைச் சமாளிக்கத்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர், எஞ்சின் சூட்டோடு ரெகுலேட்டர் வழியே ஓடுகிறது. கூலன்ட் குறைந்தால் காரைக்குடி வெயிலிலேயே ரெகுலேட்டரில் பனி பூக்கும், வண்டி இழுக்காது. நான் பிளக்கை மாற்றி, ஃபில்டரை மாற்றி, இரண்டு நாள் அலைந்து கடைசியில் கூலன்ட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அது காலியாகக் கிடந்தது.

ஆட்டோ எல்பிஜியும், அதாவது வண்டிக்கென்று பங்கில் விற்கும் சமையல் கேஸ் வகையும், ஒரு வழிதான். அழுத்தம் குறைவு, டேங்க் இலேசு. ஆனால் அது காற்றைவிடக் கனமான வாயு, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். சிஎன்ஜி மேலே எழும்பிக் கலைந்துபோகும். மூடின ஷெட்டில் வண்டியை விடுகிறவர்களுக்கு எல்பிஜியை நான் சொல்லமாட்டேன். வீட்டு சிலிண்டரை மாட்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்தப் பேச்சே வேண்டாம்.

சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். தேதி தாண்டியிருந்தால் பங்கில் கேஸ் போடமாட்டார்கள், போடவும் கூடாது. தண்ணீர் அழுத்தம் கொடுத்து இரும்பு எவ்வளவு விரிகிறது, பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்கும் முன் சிலிண்டரின் தேதித் தகட்டைப் பாருங்கள். கேரியர் வைக்கப் பட்டறைக்குப் போனால், சிலிண்டர் அருகே வெல்டிங் அடிக்க விடவே விடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வேலை.

தங்கச்சி மகன் காய்கறி ஏற்றப் போகிறான். தினமும் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை. பாரம் அரை டன்னைத் தாண்டாது. அவனைக் கேஸ் வண்டியே எடுக்கச் சொன்னேன், கம்பெனியிலேயே பொருத்தி வருவதாக, பெட்ரோலிலும் கொஞ்ச தூரம் ஓடுகிற மாதிரியாக. வாரம் ஒருமுறை அந்தப் பெட்ரோலிலும் ஓட்டிவிடச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் டேங்கில் கிடந்தே கெட்டுப்போகும். அடுத்த மாதம் டெலிவரி. ஹைட்ரோ டெஸ்ட் வர வேண்டிய தேதியை டேஷ்போர்டில் மார்க்கரால் நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.