பின்னல் பழகும் பெட்டி: ஊசியும் நூலும் நன்று, ‘முத்துத் தையல்’ தவறு

பின்னல் பழகத் தொடங்குவோருக்கென்று விற்கப்படும் பெட்டி ஒன்றைப் பள்ளி விடுமுறையில் என் மகளுக்காக இணையத்தில் வாங்கினேன். 4 மி.மீ. மூங்கில் ஊசிகள் ஒரு ஜோடி, 100 கிராம் நூல், முனை மழுங்கிய தையலூசி, தமிழில் ஒரு கையேடு ஆகியவை அதில் இருந்தன. ஊசிகளில் சிராய் இல்லை. நூலால் போடும் வளையங்களான கண்ணிகள் வழுக்கி விழாமல் நிற்கின்றன. நூலும் புரி பிரியாமல் இருப்பதால் புதிய கைக்கு ஏற்றது.

குறை கையேட்டில் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் ‘முத்துத் தையல்’ போடவேண்டும் என்று படித்த மகள், பெட்டியைக் கவிழ்த்து உதறி, அட்டை மடிப்புகளுக்குள் விரலை விட்டு முத்துகளைத் தேடினாள். பின்னுவோர் நிட், பர்ல் என்று சொல்லும் இரண்டு அடிப்படைக் கண்ணிகளுள் பர்ல் என்பதைத்தான், முத்தைக் குறிக்கும் பேர்ல் என்று எண்ணி மொழிபெயர்த்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பின்னல் புத்தகங்களிலும் முத்தின் எழுத்துக்கூட்டலிலேயே இச்சொல்லை அச்சிட்டதுண்டு என்றாலும், குழந்தைகள் படிக்கும் கையேட்டில் அதே குழப்பத்தைத் தமிழிலும் ஏற்றியிருக்கவேண்டாம்.

நிட் என்ற சொல் முடிச்சிடுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பர்ல் என்பதையோ, நூலை முறுக்குதல் என்னும் பொருளுடைய, வழக்கொழிந்த ‘பிர்ல்’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்துகிறார்கள். பொன், வெள்ளிக் கம்பிகளை முறுக்கிச் செய்த சரிகைக்கும் அந்தப் பெயர் இருந்தது. நம் ஊரில் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்கள் ஜர்தோசி என்று வாங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி ஊசியில் கோக்கிறார்களே, அந்தச் சுருள் கம்பியை ஆங்கிலச் சரிகை வேலையில் இன்றைக்கும் பர்ல் என்றே சொல்கிறார்கள்.

சொல்லின் பிறப்பை விட்டாலும், செய்முறையையாவது கையேடு விளக்கியிருக்கவேண்டும். நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் புதிய வளையத்தை முன்பக்கம் இழுத்தால் நிட். நூலை முன்னால் வைத்துப் பின்பக்கம் இழுத்தால் பர்ல். ஆகவே ஒரு கண்ணியை முன்னிருந்து பார்த்தால் நிட், துணியைத் திருப்பிப் பார்த்தால் அதுவே பர்ல். பிரெஞ்சுக்காரர்கள் முன்பக்கம், பின்பக்கம் என்றும், இந்தி பேசுவோர் சீதா, உல்ட்டா என்றும் பெயரிட்டிருப்பது இதனால்தான். புளோரன்ஸ் கோமகளாக இருந்து 1562-இல் இறந்த எலியோனோராவுடன் அடக்கம் செய்யப்பட்ட பட்டுக் காலுறைகள், பர்ல் கண்ணிகள் காணப்படும் மிகப் பழைய பின்னல்களுள் ஒன்று.

இது புரியாததால் என் மகள் எல்லா வரிசைகளையும் நிட்டாகவே பின்னினாள். படத்தில் இருந்த வழவழப்பான பரப்புக்குப் பதிலாக இரு பக்கமும் வரப்பு வரப்பாக வந்தது. துணியைத் திருப்பிக் காட்டி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பர்ல் போடச் சொன்னதும், மூன்றாம் நாள் மாலையில் நான்கு விரல் அகலத்துக்கு நேர்த்தியாகப் பின்னிவிட்டாள்.

ஊசிக்காகவும் நூலுக்காகவும் இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். விற்பவர்கள் கையேட்டைத் திருத்தி அச்சிடும் வரை, ‘முத்துத் தையல்’ என்று வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் அடித்துப் ‘பர்ல்’ என்று எழுதிக்கொண்டு குழந்தையிடம் கொடுங்கள். என் படியில் பதினொரு இடங்களில் அப்படி எழுதியிருக்கிறேன்.